நிலவறையில் டீசல் மணம்

1

ஒரு குடும்பம் எந்த நாளில் உடுப்புத் தோய்க்கலாம் என்பதை இந்த நாட்டில் கட்டிடம்தான் தீர்மானிக்கும். ஊரில் இதைச் சொன்னால் பகிடி விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். சுவிஸில், பேர்ணுக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில் நாங்கள் இருக்கும் மாடிக் கட்டிடத்தின் நிலவறையில் தோய்க்கும் இயந்திரம் இரண்டு, சுவரில் ஒரு அட்டவணை, அதில் எங்கள் வீட்டுக்கு ஒன்றுவிட்ட செவ்வாய்க்கிழமை. வைத்தியசாலைச் சமையலறையில் எனக்கு வேலைமுறை எப்படி மாறினாலும் அந்தச் செவ்வாயை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். விட்டால் அழுக்கோடு இரண்டு கிழமை இருக்க வேண்டும்.

போன மாதம் அப்படியொரு செவ்வாய்க் காலையில் கூடையோடு கீழே இறங்கினேன். கடைசிப் படியில் கால் வைத்ததும் மூக்கில் அடித்தது டீசல்.

எனக்கு அந்த மணத்தை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கூடையை வைத்துவிட்டு நேரே எங்கள் சாமான் அறைக்குப் போனேன். இங்கே கட்டிடங்களுக்குக் கீழே போருக்கென்று கட்டிய பதுங்கறை இருக்கும், தடித்த கொங்கிரீட் கதவோடு. போரே வராத நாட்டில் வீட்டுக்கு வீடு பதுங்குகுழி! எங்கள் கட்டிடத்தில் அதை மரச்சட்டம் அடித்துச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து, சாமான் வைப்பதற்கு ஆளுக்கொன்று கொடுத்திருக்கிறார்கள். எங்கள் அறையைத் திறந்து, அரிசி மூட்டைகளை இழுத்து, பழைய போர்வையைத் தூக்கினேன். பச்சைக் கலன்கள். வரிசையாக, மூடியை இறுக்கித் துணி சுற்றிக் கட்டி, பிள்ளைகளைப் படுக்கவைத்த மாதிரி. ஒரு மூடியைத் தொட்டுப் பார்த்தேன், கை காய்ந்தபடியே இருந்தது. மற்றதைத் தூக்கிப் பார்த்தேன், கை கழன்றுவிடும் போல இருந்தது. நிரம்ப டீசல்.

போர்வையை இழுத்து மூடுவதற்குள் பின்னால் ஒரு செருமல். கட்டிடப் பொறுப்பாளர் ஹெர் ஸ்டுடர். அவருக்கும் மூக்கு இருக்கிறதுதானே. கைத்தொலைபேசியை எடுத்துப் படம் பிடித்தார், "குட்டன் மோர்கன்" என்று காலை வணக்கம் சொன்னார், மேலே போய்விட்டார். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

2

டீசல் எதற்கு என்று விளங்க வேண்டுமென்றால் அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் கணவரிடம் இருப்பது ஒரு அமெரிக்க பிக்கப், பின்னால் திறந்த பெட்டி வைத்த பெரிய வண்டி. கலியாணம் முடித்த புதிதில் இவர் எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தார். குளிர்காலம் முழுக்க அங்கே; சீசன் முடிந்தால் மலை ரயிலில் இறங்கி வருவார். வந்து இருந்து கதைப்பது முதலாளியின் பிக்கப்பைப் பற்றி. பனி தள்ளுவதற்கு முன்னால் தகடு பூட்டிய வண்டி. எல்லாருடைய காரும் உறைந்து கிடக்க இது மட்டும் சாவியைத் திருப்பியதும் உறுமுமாம். முதலாளி வண்டிகளை மாற்றி மாற்றிக் கடைசியில் மின்சார வண்டிக்குப் போனார். அவர் கழித்துவிட்ட டீசல் பிக்கப் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது. இவர் அதற்குத் தேங்காய் உடைத்து, சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்து, ஓட்டுநர் முன்தட்டில் ஒரு பிள்ளையாரையும் ஒட்டி வைத்தார்.

சுவிஸ்காரன் கோடு போட்ட தரிப்பிடத்தில் அது அடங்காது. வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வருடத்தில் நாலைந்து கலியாணத்துக்கு மணவறை ஏற்றும், பேர்ண் கோயில் திருவிழாவுக்கு அண்டா ஏற்றும், மற்ற நாட்களில் பாணும் பாலும் வாங்கப் போகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

எங்கள் சாப்பாட்டு மேசைக்குச் செய்தி அமெரிக்காவிலிருந்துதான் வரும். "இஞ்சாரும், பிக்கப்புக்கு டீசல் எஞ்சின் போடுறதை நிப்பாட்டப் போறாங்களாம்" என்பார் ஒரு நாள், செத்தவீடு சொல்வது போல. நாலு மாதம் கழித்து, "இல்லையாம், சட்டத்தைத் தளர்த்தினமாம், திரும்ப விடுவாங்களாம்" என்பார். அன்றைக்கு ஒரு கோப்பை சோறு கூடுதலாகச் சாப்பிடுவார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு அரசு வந்து புகையைக் குறை என்கிறது. கொம்பனிகள் வடிகட்டி பூட்டுகின்றன. அடுத்த அரசு வந்து அவ்வளவு இறுக்கம் தேவையில்லை என்கிறது. கொம்பனிகள் அதற்கும் தலையாட்டுகின்றன. நடுவில் சில வீரர்கள் வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, சைக்கிளில் போகிறவனின் முகத்தில் கரும்புகையை ஊதி, அதைப் படம் பிடித்தும் போடுகிறார்கள். இவர் அதைப் பார்த்து "விசர்ப் பெடியள்" என்று ஏசுவார், ஆனால் கடைசிவரை பார்ப்பார். மாட்டை ஏற்றிக்கொண்டு மலையேறுகிறவனுக்கு டீசல் தேவைதான், நான் மறுக்கவில்லை. தனியொரு ஆள் ஏறிப்போய் ஒரு பை மரக்கறி வாங்கி வருவதற்கு மாட்டுக்கொட்டில் அளவில் ஒரு இரும்பு எதற்கு? அந்த ஆணவத்துக்கு ஒரு எஞ்சினின் எதிர்காலம் என்று பெயர் வைத்து உலகமே இருந்து விவாதிக்கிறது.

எங்கள் ஒரே மகள் ஆரணி இங்கே பிறந்தவள். மின்சார பஸ் திருத்தும் இடத்தில் பொறியியலாளர். தனி வீட்டில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவாள். தமிழ் கதைப்பாள், ஆனால் கோபம் வந்தால் பேர்ண் டொச்சுக்கு, அதுதான் இந்த ஊர் ஜெர்மன் பேச்சுக்கு, போய்விடுவாள். தேப்பனும் மகளும் ஒருநாள் மேசையில் பிடித்துக்கொண்டார்கள்.

"பெரிய பாரம் இழுக்கிற வண்டிக்கு மட்டும் டீசல் இன்னும் கொஞ்சக் காலம் நிக்கும், அப்பா. மற்றதெல்லாம் பற்றறிக்குத்தான் போகும்."

"கரண்ட் போச்சுதெண்டால் உன்ர பற்றறி என்ன செய்யும்?"

"கரண்ட் போனால் டீசல் அடிக்கிற பம்பும் வேலை செய்யாது, அப்பா. அதுவும் கரண்ட்லதான் ஓடுது."

இவர் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். தோற்றுப்போனார் என்று நானும் மகளும் கண்ணால் சிரித்துக்கொண்டோம். தோற்கவில்லை, அன்றைக்குத்தான் கலன் வாங்கும் யோசனை வந்திருக்கிறது.

3

வேலையால் வந்த மனிசனைச் சப்பாத்துக் கழற்றவும் விடவில்லை.

"கீழ என்ன வைச்சிருக்கிறியள்?"

"என்ன?"

"போர்வைக்குக் கீழ."

சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். "அது டீசல்" என்றார்.

"எதுக்கு?"

"இருக்கட்டும் எண்டுதான்."

இந்த "இருக்கட்டும்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் எதையும் சேர்ப்பார்கள். "இருக்கட்டுமோ? குடியிருக்கிற வீடு இருக்குமோ எண்டு பாருங்கோ. ஸ்டுடர் படம் எடுத்துக்கொண்டு போயிட்டான்" என்றேன்.

"உமக்குத் தெரியாதே? அக்காவுக்கு நடந்தது உமக்குத் தெரியாதே?"

தெரியும். வாசிக்கிற உங்களில் பாதிப் பேருக்கும் இதுபோல ஒன்று தெரியும். போரில் அரசு போட்ட பொருளாதாரத் தடைக் காலம். யாழ்ப்பாணத்துக்குள் டீசலும் இல்லை, பெற்றோலும் இல்லை. இவருடைய அக்காவுக்குப் பிரசவ நோவு தொடங்கிவிட்டது. அயலில் இருந்த லாண்ட்மாஸ்டர் உழவு யந்திரத்துக்கு மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஊற்றி, பெட்டியில் பாய் விரித்து அக்காவைப் படுக்கவைத்துக் கொண்டு போனார்கள். பாதி வழியில் எஞ்சின் இருமி இருமி நின்றுவிட்டது. இவர் தள்ளினார். பதினெட்டு வயதுப் பெடியன், எவ்வளவு தூரம் தள்ளுவான்? அக்கா தப்பினா. பிள்ளை தப்பவில்லை.

இதைக் கேட்டுக் கண்கலங்கிய ஆள்தான் நான். ஆனால் எந்தச் சண்டையிலும் இந்தக் கதையை எடுத்து மேசையில் வைத்தால் நான் வாயை மூடிவிட வேண்டும் என்பது என்ன நியாயம்? வண்டி வாங்கும்போதும் அக்கா வந்தா. வண்டிக்குப் பெரிய சில்லுப் போடும்போதும் அக்கா வந்தா. இப்போது வீட்டை விட்டு எழுப்பப்போகிறார்கள், அதற்கும் அக்கா.

"எனக்கும் அந்தத் தடை இருந்ததுதானே" என்று கத்தினேன். "சவர்க்காரம் இல்லாமல் பனங்காயில உடுப்புத் தோய்ச்சனாங்கள். கொடியில காயப்போட்ட சட்டையை அந்த இனிப்புக்கு மாடு வந்து சப்பிப்போட்டுப் போகும். சப்பின சட்டையோட பள்ளிக்கூடம் போனவள் நான். நான் என்ன, கீழ கொண்டுபோய்ப் பதுக்கிறனோ?"

இவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து விழுங்கிவிட்டு, முகம் கழுவப் போனார்.

4

கட்டிட நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. பதிவுத்தபால். கூட்டுப் பாவனைக் கட்டிடத்தில் அனுமதித்த அளவுக்கு மேல் எரிபொருள், ஏனைய குடியிருப்பாளர்களின் பாதுகாப்பு, நிலவறையில் தொடர்ச்சியான டீசல் மணம், ஒப்பந்தத்தை ரத்துச் செய்யும் உரிமை. எனக்கு விளங்கிய சொற்களை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன். பேர்ண் பக்கம் இந்த வாடகையில் இன்னொரு வீடு எடுப்பது குதிரைக்கொம்பு. அதோடு எங்கள் குடும்பப்பெயரைப் பார்த்துவிட்டு வீடு பார்க்கக் கூப்பிடவும் வேண்டும்.

நான் ஹெர் ஸ்டுடரிடம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், கேட்டும் விட்டேன். பிறகு வாய் சும்மா இருக்கவில்லை. "எங்கள் அறைக்குப் பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?" என்று எனக்குத் தெரிந்த டொச்சில் கேட்டேன்.

"எண்ணெய்த் தாங்கி. வீட்டைச் சூடாக்குவதற்கு."

"அது என்ன எண்ணெய்? டீசலின் தங்கச்சிதானே?"

"அது அனுமதிக்கப்பட்டது" என்றார் அவர், பொறுமையாக.

இந்த நாடு எரிபொருளை மாதக்கணக்கில் பாவிக்கப் போதுமான அளவுக்குச் சேமித்து வைத்திருக்கிறது. சட்டமே அப்படி. வீட்டில் தண்ணீரும் உணவும் கொஞ்சம் சேர்த்து வைத்திருங்கள் என்று மக்களுக்கும் சொல்கிறது. ஐரோப்பா முழுக்க மின்சாரத் தட்டுப்பாடு வரும் என்று பயமுறுத்திய அந்தக் குளிர்காலத்தில் மெழுகுதிரியும் விறகும் வாங்க வரிசையில் நின்றவர்கள் தமிழர்கள் இல்லை. அவர்கள் சேர்த்தால் முன்யோசனை, நாங்கள் சேர்த்தால் குற்றம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இவர் செய்தது பிழை, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் பிழை செய்தவனைப் பார்க்கும் பார்வை ஒன்று இருக்கிறது, அந்நியனைப் பார்க்கும் பார்வை இன்னொன்று இருக்கிறது. வித்தியாசம் எனக்குத் தெரியும்.

கடிதத்தை ஆரணியிடம் கொடுத்தோம். ஏழு வயதிலிருந்து எங்களுக்கு வந்த கடிதம் எல்லாவற்றுக்கும் அவள்தான் பதில். அன்றைக்கே மின்னஞ்சல் எழுதினாள். இரண்டு நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கலன்களை அப்புறப்படுத்த இரண்டு கிழமை அவகாசம், ஒப்பந்த ரத்து இப்போதைக்கு இல்லை. எனக்குக் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்ய வேண்டும் போல இருந்தது.

அடுத்த நாள் படியில் ஹெர் ஸ்டுடர் என்னைக் கண்டு நின்றார். தலையைச் சரித்து, கிண்டர்கார்டன் பிள்ளையோடு பேசுவது போல ஒவ்வொரு சொல்லாக, "உங்கள் கணவருக்கு இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். உளவள ஆலோசனை நிலையம் ஒன்றின் துண்டுப்பிரசுரத்தையும் நீட்டினார்.

மேலே வந்து ஆரணிக்குத் தொலைபேசி அடித்தேன். "நீ என்ன எழுதினனி?"

வாசித்துக் காட்டினாள். என் பெற்றோர் போரினால் மனம் பாதிக்கப்பட்டவர்கள். அப்பா பொருட்களைப் பதுக்குவது அந்தப் பாதிப்பின் அறிகுறி. அவர்கள் அறிந்து செய்யவில்லை. நல்ல டொச், ஒரு பிழையில்லை.

"எங்களைப் பைத்தியம் எண்டு எழுதினியோ?"

"அம்மா, நான் அப்பிடி எழுதேல்லை. அது ஒரு மெடிக்கல் சொல். இப்பிடிச் சொன்னாத்தான் இவங்களுக்கு விளங்கும். வீட்டைக் காப்பாத்தினது அதுதான்."

தொலைபேசியை வைத்துவிட்டேன். பிறத்தியான் சொன்னால் துடைத்துவிட்டுப் போகலாம். பெற்ற பிள்ளை எங்களைக் கோப்புக்குள் வைத்து மூடிவிட்டாள். இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். "பரவாயில்லை, வீடு தப்பினதுதானே" என்றார். அந்தக் குரலில் என் கோபமெல்லாம் அவரை விட்டு இறங்கி வேறு இடத்துக்குப் போய்விட்டது.

5

கலன்களைக் கழிவு சேகரிக்கும் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். சனிக்கிழமை முற்பகல், பிக்கப்பின் பின்பெட்டியில் அவற்றை ஏற்றிக் கயிறு கட்டினோம். நான் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டேன். எஞ்சின் முதல் திருப்பிலேயே உறுமியது. தெருவுக்கு இறங்கினோம். வண்டி நகர்ந்தது, ஆனால் ஓடவில்லை. இவர் மிதிக்கிறார், அது மாட்டு வண்டி போல ஊர்கிறது. எங்கோ "கிணிங் கிணிங்" என்று ஒரு சத்தம்.

"என்ன செய்யுது?"

"தெரியேல்லை."

நான் முன்தட்டைப் பார்த்தேன். பிள்ளையாருக்குப் பின்னால் மஞ்சளாக ஏதோ மினுங்கியது. இவர் பிள்ளையாரை ஒட்டியிருந்த இடம் எச்சரிக்கை எழுத்து வரும் திரைக்கு நேர் முன்னால். வெள்ளிக்கு வெள்ளி பூவும் வைப்பார். அந்த எழுத்து எத்தனை நாளாக மினுங்கியதோ, பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம். பூவை விலக்கி வாசித்தார். வாசித்துவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இந்தக் காலத்து டீசல் வண்டிக்கு டீசல் மட்டும் போதாதாம். புகையைச் சுத்தமாக்க நீல மூடிக்குள் யூரியாக் கரைசல் ஒன்றும் ஊற்ற வேண்டும். இதுவரை வண்டி திருத்துகிற இடத்தில் அவர்களே ஊற்றியிருக்கிறார்கள். அது தீர்ந்தால் வண்டி நடை வேகத்துக்கு மேல் போகாது. கொம்பனிக்காரன் கணினியில் அப்படிப் பூட்டி வைத்திருக்கிறான். பின்னால் பெட்டி நிறைய டீசல், தாங்கி நிறைய டீசல், ஆனால் அந்த நீலத் தண்ணீர் இல்லை. ஒரு முற்றுகை வந்திருந்தால் இந்த வண்டி எங்களை ஊர் எல்லைக்கும் கொண்டுபோயிராது. இவர் காணொளி பார்த்த மணித்தியாலங்களில் ஒருவனும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லவில்லை. குதிரைவலுவையும் இழுவைப்பாரத்தையும்தான் சொன்னான்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அமெரிக்காவில் அந்தக் கொம்பனி வாசலில் போய் நின்று கத்த வேண்டும் போல இருந்தது. பூட்டைப் போட்டவனும் அவன், பூட்டை உடைக்கச் சொல்கிறவனும் அவன் ஊர்க்காரன். இடையில் என் மனிசன் பூவை விலக்கிக்கொண்டு இருக்கிறார்.

பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். ஒரு மின்சார பஸ் சத்தமே இல்லாமல் எங்களைக் கடந்து போனது. நடைபாதையில் தள்ளுவண்டியோடு போன ஒரு தாயும் கடந்து போனாள்.

"லாண்ட்மாஸ்டர் இதைவிடக் கெதியாப் போனது" என்றார் இவர். சிரிக்கிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

வழியில் இருந்த எரிபொருள் நிலையத்துக்கு ஊர்ந்து போய் அந்த நீலத்தண்ணீரை வாங்கி ஊற்றினோம். பிறகு கலன்களை ஒப்படைத்தோம். பொறுப்பெடுத்தவன் எண்ணிக் குறித்துக்கொண்டான். இவர் ஒவ்வொரு கலனாகக் கையால் தூக்கிக் கொடுத்தார், உதவி செய்யப் போன என்னையும் விலக்கிவிட்டார்.

6

ஞாயிற்றுக்கிழமை ஆரணி சாப்பிட வந்தாள். கறி ஆறினாலும் பரவாயில்லை என்று மடிக்கணினியைத் திறக்கச் சொன்னேன்.

"நான் சொல்லுறதை எழுது. அந்த நோய்க் கதையை நாங்கள் வாபஸ் வாங்கிறம்."

"அம்மா! அவகாசம் தந்ததே அதாலதான். திரும்பவும் ஒப்பந்தத்தில கை வைச்சால்?"

"வைக்கட்டும். எழுது. என் கணவர் நோயாளி இல்லை. தடைக்குள் வாழ்ந்தவர். எரிபொருள் இல்லாததால் ஒரு பிள்ளை சாவதைப் பார்த்தவர். டீசல் வைத்தது பிழை, அறிந்துதான் வைத்தார். அதற்கு மன்னிப்புக் கேட்கிறோம். கலன்களை ஒப்படைத்துவிட்டோம். இனி வைக்க மாட்டோம்."

அவள் விசைகளில் கை வைக்காமல் தேப்பனைப் பார்த்தாள். "எந்தப் பிள்ளை?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தச் சண்டையிலும் என் முன்னால் வைத்த கதையை இவர் மகளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னார். தள்ளிய தூரத்தையும் சொன்னார், அதை எனக்கும் சொன்னதில்லை. ஆரணி டொச்சுக்குப் போகாமல் கடைசிவரை கேட்டாள். பிறகு எழுதினாள், நான் சொன்னபடியே.

அனுப்பப் போகும்போது இவர் மெல்ல, "இஞ்சாரும், உம்மட சவர்க்காரத்தையும் எழுத வேணுமோ?" என்றார்.

"என்ன சவர்க்காரம்?" என்றாள் மகள்.

அரிசி மூட்டைக்கு மற்றப் பக்கத்தில் இரண்டு பெட்டி சவர்க்காரம் இருக்கிறது. மலிவாகப் போட்ட நேரத்தில் வாங்கினது. இருக்கட்டும் என்று. "அதை எழுதத் தேவையில்லை" என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள், நான் கறியைச் சூடாக்கப் போனேன்.

நிர்வாகத்தின் பதில் மூன்றாம் நாள் வந்தது. இரண்டு வரி. தகவலுக்கு நன்றி. எரிபொருள் அகற்றப்பட்டதால் விடயம் முடிந்ததாகக் கொள்கிறோம். எங்கள் நோயைப் பற்றியும் ஒன்றுமில்லை, செத்த பிள்ளையைப் பற்றியும் ஒன்றுமில்லை. நாங்கள் அவமானப்பட்டதும் சண்டை பிடித்ததும் அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கவே இல்லை.

இவர் இப்போதும் மேசையில் அமெரிக்கச் செய்தி சொல்கிறார். பிள்ளையாரை மட்டும் ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறார்.

போன செவ்வாய் என் முறை. கூடையோடு இறங்கினேன். கடைசிப் படியில் மூக்கில் அடித்தது டீசல்.

எங்கள் அறையைத் திறந்தேன். அரிசி, சவர்க்காரம், வெறும் நிலம். போர்வையை எடுத்து மணந்து பார்த்தேன், தூசுதான். சுவரோரமாக நடந்தேன். எண்ணெய்த் தாங்கி இருக்கும் அறையின் பூட்டிய கதவடிக்குப் போகப் போக மணம் கூடியது. குனிந்து பார்த்தேன். கதவுக்குக் கீழே, கொங்கிரீட்டில், உள்ளங்கை அளவில் ஒரு ஈரம். விரலை வைத்தேன். வழுவழுப்பு.

எங்கள் கலன்களில் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. நான் கையால் தொட்டுப் பார்த்தேனே!

உடுப்பைக் கூடையோடு விட்டுவிட்டு மேலே ஏறினேன். ஆரணிக்கு அடிக்கவில்லை. ஹெர் ஸ்டுடரின் மணியை அழுத்தினேன். கதவைத் திறந்து, வழக்கம்போலத் தலையைச் சரித்தார். நான் விரலை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, என்னுடைய உடைந்த டொச்சில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"உங்கள் தாங்கிக்கு இப்போது எப்படி இருக்கிறது?"